கூட்டி வந்தவர் பெயர்

ஜூன் 3, செவ்வாய்

கைக்கட்டைப் பிரித்து நாலு நாள் ஆகிறது. மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டதாம், விரல்தான் மடங்க மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரிப் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் அமுக்கச் சொன்னாள். பந்தை வைத்துக்கொண்டு உட்கார நான் என்ன கைக்குழந்தையா. எழுதினால் ஆகாதா என்று கேட்டேன். ஆகும் என்றாள். பேத்தி கௌசிகாவின் காலேஜ் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களை வாங்கிக்கொண்டேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குமேல் படித்து என்னத்தைக் கிழிக்கப் போகிறாள் என்று என்னை மாட்டுக்குப் பின்னால் அனுப்பியவர் பெரியப்பா. அவர் செத்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

கௌசிகா பி.காம். முடித்துவிட்டாள். பச்சை கேட் பனியன் கம்பெனி ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு விண்ணப்ப பாரம் வாங்கி வந்திருக்கிறாள். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். அந்தக் கம்பெனிக்கு இங்கிலீஷில் ஏதோ நீளமாகப் பெயர் உண்டு. திருப்பூரில் யாரும் அதைச் சொல்வதில்லை, பச்சை கேட் என்றால் போதும். இருபத்திமூன்று வருஷம் அந்த கேட்டுக்குள் போய் வந்தவள் நான்.

பாரத்தில் கடைசிக்கு முந்தின வரி: கூட்டி வந்தவர் பெயர்.

ஜூன் 5, வியாழன்

இப்போதும் அந்த வரியை வைத்திருக்கிறார்கள். பெரிய முதலாளி காலத்தில் பாரமெல்லாம் கிடையாது. புது ஆள் யாராவது உள்ளே வந்தால், நின்ற இடத்திலிருந்தே கேட்பார்: "யாரு ஆளு?" கூட்டி வந்தவள் எழுந்து நின்று, "என்ற ஆளுங்க" என்று தன் ஆளாக ஏற்றுச் சொல்ல வேண்டும். அதற்குமேல் பேச்சு இல்லை, வேலை கிடைத்துவிடும். ஆனால் அன்றிலிருந்து அந்த ஆள் நேரம் கழித்து வந்தால் திட்டு எனக்கு. பீஸில் ஓட்டை விட்டால் திட்டு எனக்கு. புது ஆள் மூன்று மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். கெட்டுப் போனால் கூட்டி வந்தவளும் கெட்டுப் போக வேண்டும்.

நான் கூட்டி வந்தவர்கள் நாற்பத்திமூன்று பேர். வரிசையாகச் சொல்வேன். தெய்வானை பதினோராவது ஆள். தை மாதம், வெள்ளிக்கிழமை, 1988. புருஷன் விட்டுப்போன பொண்ணு, கிளிப்பச்சைச் சேலை, ஒரு காலில் செருப்பு வார் அறுந்திருந்தது. பனியனை உட்புறம் வெளிப்புறம் தெரியாமல் மடித்து வைத்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்து மடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். பதினாறு வருஷம் ஒரே டேபிள். அவள் கொள்ளு கடைந்தால் எனக்குச் சேர்த்துக் கடைவாள். நான் லீவு போட்டால் அவள் சாப்பாட்டை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போய்விடுவாளாம், மற்றவர்கள் சொன்னார்கள்.

இப்போது அந்த ஆபீஸில் யாரை எடுப்பது என்று சொல்வது அவள்தான். எங்களுக்குப் பேச்சு நின்று இருபத்தொரு வருஷம். நான் கூட்டி வந்தவள் என்னை வெளியே அனுப்பினாள். அவ்வளவுதான் கதை.

கௌசிகா கேட்டாள், "அம்மிச்சி, அந்தம்மா பேர எழுதட்டுமா?"

எழுதினால் இந்த வீட்டில் நான் கை நனைக்க மாட்டேன் என்றேன். அந்த வரியை வெறுமனே விட்டு, பாரத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜூன் 6, வெள்ளி

விரல் வலி. கம்மங்கூழ்.

ஜூன் 10, செவ்வாய்

ஓசூரில் ஒரு பெரிய பேக்டரியிலிருந்து கௌசிகாவுக்குப் போன் வந்துவிட்டது. ஹாஸ்டலும் அவர்களே தருகிறார்களாம். முப்பதாம் தேதி காலையில் போய் நிற்க வேண்டும். பச்சை கேட்டிலிருந்து அதற்குள் கூப்பிடாவிட்டால் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளுடன் படித்த பொண்ணு பாரத்தில் மாமா பெயரை எழுதினாளாம், மூன்றாம் நாளே கூப்பிட்டுவிட்டார்களாம். மார்க் இவளைவிடக் குறைச்சல்.

என் மகள் தங்கமணி தையலுக்குப் போய்விட்டு வந்து, துணியை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

கை உடைந்ததிலிருந்து எனக்குத் தலை வாரிவிடுவது கௌசிகாதான். மெதுவாக, சிக்கு எடுத்து, நுனியிலிருந்து வாருவாள். ஓசூர் போனால் யார் வாருவது என்று நான் கேட்கவில்லை. மொட்டை போட்டுக்கொண்டாலும் கேட்க மாட்டேன்.

ஜூன் 14, சனி

தெய்வானை ஒருத்தியா உலகத்தில். நான் கூட்டி வந்த மற்றவர்களும் இருக்கிறார்கள் என்று கிளம்பினேன். ஒருத்தி பேரன் பிறந்து கோயம்புத்தூர் போய்விட்டாள். ஒருத்திக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, கல்யாணத்துக்கு நான் வைத்த மொய்யையும் சேர்த்து மறந்திருப்பாள். கடைசியில் மனோகரனிடம் போனேன். இருபத்தேழாவது ஆள். மிஷின் துடைக்க வந்தவன், இன்றைக்குக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறான். எழுந்து நின்று நாற்காலி போட்டான். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்தான்.

"அக்கா, பேரில்லாத பாரம் அடியில போயிருமுங்க. பச்சை கேட்ல தெய்வம்மா ஒரு வார்த்த சொல்லோணும். நாஞ் சொன்னா தையல் லைனுக்கு எடுப்பாங்க, ஆபீசுக்கு எடுக்க மாட்டாங்க."

தெய்வம்மாவாம். செருப்பு வார் அறுந்து வந்தவள்.

"நீங்களே போய்க் கேட்டா என்னுங்? நீங்க கூட்டியாந்த ஆளுதான?" என்றான். பிறகு, என்னவோ நல்லது சொல்வதுபோல, "பவுனுகூட இப்ப அங்கதான் இருக்கறா. ஆறு வருசமாச்சு. லைன் சூப்பர்வைசர்" என்றான்.

டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். டீ சூடாக இருந்தது.

ஜூன் 16, திங்கள்

பவுனு யார் என்று எழுத வேண்டியதில்லை. விரலுக்கு நல்லது என்று எழுதுகிறேன்.

2004இல் தெய்வானை கூட்டி வந்த பொண்ணு. அதுவரை தெய்வானை யாரையும் கூட்டி வந்ததில்லை, பயம். இவள் ஒருத்திக்குத்தான் எழுந்து நின்று "என்ற ஆளுங்க" என்றாள். தாராபுரம் பக்கம், பதினேழு வயசு, அப்பன் இல்லை. வந்த ஏழாம் மாதம், புரட்டாசியில், பேக்கிங்கிலிருந்து ஒரு கட்டு பீஸ் காணாமல் போயிற்று. சின்னப் பிள்ளைகள் போடுகிற பனியன், ஊதா நிறம், நெஞ்சில் கப்பல் படம். பவுனு கையில் அந்தக் கட்டு இருந்ததைப் பார்த்ததாக மறுநாள் யாரோ சொன்னார்கள். அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். தெய்வானைக்கு அது முதல் ஆள் என்று முதலாளி அவளைத் திட்டோடு விட்டார். பையை கேட்டில் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு சீப்பு, ஒரு சாப்பாட்டுத் தூக்குப்போசி.

பிறகு தெய்வானை முதலாளியிடம் போய், கட்டை எடுத்தது பவுனு இல்லை, நாச்சம்மா மகன் சிவராசு என்று சொன்னாள். அவன் போனான். கூட்டி வந்தவள் என்று நானும் போனேன்.

என் மகன் சிவராசு நாற்பத்திமூன்றாவது ஆள். அவனுக்குப் பிறகு நான் யாரையும் கூட்டிப் போகவில்லை. இப்போது சூரத்தில் இருக்கிறான். தீபாவளிக்குப் போன் செய்வான். போன தீபாவளிக்கு லைன் கிடைக்கவில்லை என்று பொங்கலுக்குச் செய்தான்.

ஜூன் 19, வியாழன்

பச்சை கேட் வரைக்கும் போனேன். பேத்திக்காக. கேட்டில் நின்ற ஆள், யாரைப் பார்க்க வேண்டும், யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டான். அவன் பிறப்பதற்கு முன்னால் அந்த கேட்டுக்குள் போனவள் நான். யார் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை. சும்மா என்று சொல்லிவிட்டு எதிரே பேக்கரி வாசலில் நின்றேன்.

ஐந்தரைக்கு வேலை விட்டது. தெய்வானை வந்தாள். தலை முழுக்க வெள்ளை. இடது பக்கம் சாய்ந்து நடக்கிறாள். 96இல் மாடிப்படியில் விழுந்தபோது அடிபட்டது அந்தக் கால்தான். பத்து நாள் நான் வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது.

பையை இன்னும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தோளில் மாட்டாமல்தான் நடக்கிறாள். ஒரு கூப்பிடு தூரம். நான் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து, பேக்கரியில் பன் வாங்கப் போனேன் என்றேன். பன் எங்கே என்று தங்கமணி கேட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

கௌசிகா பெட்டி எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். போர்வையை மடிக்கும்போது நான் சொன்னேன், எல்லாம் அந்தப் பாவி செய்த வேலை, வீட்டுப் பொண்ணை ஊரைவிட்டு விரட்டுகிறாள் என்று. கௌசிகா தண்ணீர் பிடிக்க வெளியே போனாள். அப்போது தங்கமணி வாயைத் திறந்தாள். நான் பெற்றவள், இத்தனை வருஷம் என் எதிரே குரலைத் தூக்கியதில்லை. இன்றும் தூக்கவில்லை.

"தெய்வானக்கா எட்டு நாள் வாயத் தொறக்கலயேம்மா. யாருக்காகன்னு நெனச்ச?"

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். அந்தப் புரட்டாசியில் அவள் கௌசிகாவைப் பெற்றுப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. தெய்வானை குழந்தையைப் பார்க்க வந்தாளாம். நான் அப்போது ரேஷன் கடையில். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாளாம். சிவராசு பனியன் கட்டைத் தூக்கிச் சுவருக்கு மேலே வீசியதைக் களவு போன சாயங்காலமே தெய்வானை பார்த்துவிட்டாள். மறுநாள் பவுனுவை அனுப்பும்போது அங்கேயே நின்றிருந்தாள். தன் ஆளுக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்னைக் கூட்டி வந்த அக்கா சொன்னதைப் பொய் என்று தான் எப்படிச் சொல்வது என்று தங்கமணியிடம் கேட்டாளாம். எட்டாம் நாள் அவளால் முடியவில்லை. போய்ச் சொல்லிவிட்டாள். அதற்குள் பவுனு ஊரைவிட்டே போய்விட்டாள்.

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கலயே" என்றாள்.

என் ஞாபகத்தைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. யார் எந்தச் சேலை கட்டி வந்தாள் என்பது வரை சொல்வேன். ஆனால் அந்த எட்டு நாளை நினைத்துப் பார்த்தால், தெய்வானை என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாளா இல்லையா என்று எனக்கு ஞாபகம் இல்லை. நான் பார்க்கவே இல்லை. சிவராசு மாட்டிக்கொள்வானோ என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

16ஆம் தேதி யாரோ என்று எழுதியிருக்கிறேன். யாரோ இல்லை.

ஜூன் 23, திங்கள்

எழுதவில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 25, புதன்

கேட்டில் நின்றவனிடம், நாச்சம்மா வந்திருக்கிறாள் என்று தெய்வானையிடம் சொல் என்றேன். போன் செய்தான். போனைக் காதில் வைத்தபடி என்னையே பார்த்தான். பிறகு போகச் சொன்னான்.

ஆபீஸில் சின்ன முதலாளியும் இருந்தார். பெரியவருடைய மகன், நாற்பது வயசு இருக்கும். அவர் எதிரிலேயே சொல்லிவிடலாம் என்று நின்றபடி சொன்னேன். 2004, புரட்டாசி, ஊதாப் பனியன் கட்டு. எடுத்தது என் மகன். எனக்கு அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே தெரியும். பவுனு கையில் பார்த்தேன் என்று சொன்னது நான். அவள் கையில் ஒன்றும் இல்லை.

சின்ன முதலாளி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அதெல்லாம் அப்பா காலம், எந்தக் கட்டு என்றே எனக்குத் தெரியாது, உட்காருங்கள், டீ சாப்பிடுங்கள் என்றார். போன் வந்தது, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். இருபத்தொரு வருஷம் நெஞ்சில் வைத்திருந்ததை அவர் ஒரு டீயோடு முடித்துவிட்டார்.

தெய்வானை காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சொல்ல வேண்டியவ கீழ லைன்ல இருக்கறா. இங்க எதுக்குங்க சொல்றீங்க?"

சொல்றீங்க என்றாள். பதினாறு வருஷம் என்னை நீ வா போ என்று பேசியவள். அக்கா என்றால் அதில் எல்லாம் அடங்கிவிடும்.

நான் நகரவில்லை. அவளே சொன்னாள், "உங்க பேத்தி பாரத்தப் பாத்தனுங்க. நல்ல மார்க்கு. பேரில்லாம நான் எடுத்து வெக்க முடியாது. என்ற பேர நானும் எழுத மாட்டே. உங்க குடும்பத்துக்காக ஒருக்கா நான் சும்மா இருந்தே. அதுல ஒருத்தி வாழ்க்க போச்சு."

சரி என்றேன். 

கீழே இறங்கினேன். ஒரு மணிச் சாப்பாட்டு நேரம், மிஷின் எல்லாம் நின்றிருந்தது. பவுனுவை எனக்கு உடனே தெரிந்தது. உடம்பு போட்டிருக்கிறது, காது அதே காது. நாலு பொண்ணுகளுடன் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து தனியாக வந்தாள், எச்சில் கையோடு.

"பவுனு, அன்னைக்கு நாஞ் சொன்னது பொய்யி" என்றேன்.

"தெரியுமுங்க" என்றாள். "உங்க பையன் செவுத்து மேல வீசறப்ப நானுந்தான் பாத்தே."

பின்னே ஏன் நீ சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன உரிமை, ஆனால் கேட்டேன்.

"நாஞ் சொன்னா யாருங்க கேப்பாங்க? வந்து ஏழு மாசம். கூட்டியாந்தவங்கதான சொல்லோணும். அவுங்க உங்களப் பாத்துட்டு நின்னாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்த நாளைச் சொல்வதுபோலச் சொன்னாள். ஊருக்குப் போனதும், திருடி என்று பெயர் வந்ததும், வருகிற மாப்பிள்ளை எல்லாம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனதும் அவள் சொல்லவில்லை. அதைத் தெரு முனையில் மனோகரன் சொன்னான், திரும்பி வரும்போது. ஆறு வருஷத்துக்கு முன்னால் தெய்வானைதான் தாராபுரம் போய், வீடு தேடி, அவளைக் கூட்டி வந்தாளாம்.

சாப்பிட்டீர்களா என்று பவுனு கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

கௌசிகாவைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காகத்தான் போனேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது, அதனால் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

ஓசூருக்கு முறுக்கு சுட்டோம். ஒரு கையால் பிழிந்ததில் எல்லாம் கோணல்.

ஜூன் 28, சனி

பதினொரு மணிக்கு பச்சை கேட்டிலிருந்து போன். கௌசிகா ஓடினாள். மத்தியானம் திரும்பி வந்தாள். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். ஓசூர்ப் பெட்டியைத் தங்கமணி அப்போதே பிரித்துப்போட்டாள், கட்டிய கயிற்றை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் வெட்டினாள்.

கௌசிகா மட்டும் சந்தோஷமாக இல்லை.

"அம்மிச்சி, அந்த வரியில யாரோ நீல மையில பேரு எழுதியிருக்காங்க. பவுனுன்னு. யாரு அது? எனக்கு அப்படி யாரையும் தெரியாதுன்னு நாஞ் சொன்னே. அவங்களே பக்கத்துல நின்னுட்டு, இது என்ற ஆளு, எழுதிக்கங்கன்னாங்க. அந்த ஆபீசம்மா, நெசமாவா பவுனு, யோசிச்சுக்கிட்டியான்னு மூணு தடவ கேட்டாங்க. அதுக்கு அவங்க, எனக்கு அன்னைக்கு யாருஞ் சொல்லல, இந்தப் புள்ளைக்காச்சும் ஒருத்தர் சொல்லட்டும்னாங்க."

அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சிவராசுவை, கட்டை, நான் சொன்னதை. எதையும் யாரோ என்று சொல்லவில்லை. தங்கமணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கௌசிகா சாயங்காலம் வழக்கம்போலச் சீப்பை எடுத்து வந்து தலை வாரிவிட்டாள். நுனியிலிருந்து வாரவில்லை. உச்சியிலிருந்து இழுத்து வாரினாள். வலித்தது. தலையை அசைக்காமல் காட்டினேன்.

ஜூன் 30, திங்கள்

முதல் நாள். சாப்பாட்டு நேரத்தில் பவுனு மேலே வந்து கௌசிகாவைக் கீழே கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தாளாம். ஆபீஸ் ஆட்கள் மேலேதான் சாப்பிடுவார்களாம். அதனால் என்ன, என் ஆள் என் பக்கத்தில்தான் சாப்பிட வேண்டும் என்றாளாம்.

பிறகு கௌசிகா அளவு எழுதும்போது மீடியம் என்பதற்கு லார்ஜ் என்று எழுதிவிட்டாள். தெய்வானை கண்டுபிடித்துவிட்டாள். கௌசிகாவை ஒன்றும் சொல்லவில்லை. பவுனுவை மேலே கூப்பிட்டு, எல்லோர் முன்பும் திட்டினாள். பவுனு தலையைக் குனிந்து நின்று கேட்டுக்கொண்டாளாம்.

இதைச் சொல்லும்போது கௌசிகா அழுதாள். நான் கூழ்ச் சட்டியை மூடி வைத்தேன். என் வீட்டு ஆளுக்காக பவுனு இரண்டாம் தடவை அந்த இடத்தில் தலை குனிந்திருக்கிறாள்.

ஜூலை 1, செவ்வாய்

ஐந்து மணிக்கே கௌசிகாவை எழுப்பிவிட்டேன். ஒரு நிமிஷம் தாமதமாகப் போகக்கூடாது.

ஜூலை 2, புதன்

சாயங்காலம் நடந்து பச்சை கேட் பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். தெய்வானை நிற்கிற பக்கம் போகவில்லை, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். பார்த்தாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

ஜூலை 3, வியாழன்

போனேன். பார்த்தாள். ஏறிவிட்டாள். இன்று ஜன்னல் சீட்டு கிடைத்தது அவளுக்கு.

ஜூலை 4, வெள்ளி

மழை. போனேன். குடை எனக்கு மட்டும் இருந்தது. அவள் பையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். ரோட்டில் பஸ்ஸும் லாரியும் விடாமல் போய்க்கொண்டிருந்தன. தாண்டியிருக்கலாம். எனக்குக் காலில் ஒன்றும் இல்லை.

தங்கமணி கேட்டாள், தினமும் அங்கே போய் என்ன செய்கிறாய் என்று. நடந்தால் எலும்புக்கு நல்லது என்றேன். உடைந்தது கையெலும்பு என்றாள்.

ஜூலை 7, திங்கள்

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. சனிக்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை, முழங்கால் வலி என்று கௌசிகா சொன்னாள். இன்று வருவாளோ மாட்டாளோ என்று கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். வந்தாள். முழங்காலில் துணி சுற்றியிருந்தது, நடையிலேயே தெரிந்தது. வழக்கமான இடத்தில் நின்றாள். என்னைப் பார்த்தாள்.

ஐந்தே முக்கால் பஸ் வந்தது. கூட்டமே இல்லை, நாலைந்து சீட்டு காலியாக இருந்தது எனக்கே தெரிந்தது. கண்டக்டர் குனிந்து அவளைப் பார்த்து, வருகிறீர்களா என்பதுபோலக் கையைக் காட்டினான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பஸ் போய்விட்டது. அவள் அந்தக் காலோடு அங்கேயே நின்றாள். நான் இந்தப் பக்கம் நின்றேன். அவளும் ரோட்டைத் தாண்டவில்லை, நானும் தாண்டவில்லை. அடுத்த பஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று. அதில் ஏறிப் போனாள்.

ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டாள்.